வாத்து இல்லாத வாத்து சாஸ்

ஆங்கிலப் படம் பார்க்கிற எல்லோருக்கும் இந்தக் காட்சி பழக்கமானதுதான். ராத்திரி நேரம், ஆபீஸ் வேலை இன்னும் முடியவில்லை. ஹீரோவும் ஹீரோயினும் தரையில் உட்கார்ந்து வெள்ளை அட்டை டப்பாவிலிருந்து குச்சியால் நூடுல்ஸ் எடுத்துச் சாப்பிடுவார்கள். டப்பாவுக்கு மேலே கம்பியில் ஒரு கைப்பிடி இருக்கும். அந்த டப்பா சீனாவிலிருந்து வந்ததே இல்லை. 1894-ல் சிகாகோக்காரர் ஒருவர் காப்புரிமை வாங்கியது. முதலில் அந்த மாதிரி டப்பாவில் கட்டிக்கொடுத்தது சிப்பி! சரி, டப்பா கிடக்கட்டும். அதற்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்குச் சில பாக்கெட்டுகள் கிடக்குமே, கவனித்திருக்கிறீர்களா? கறுப்பாக இருந்தால் அது சோயா சாஸ். ஆரஞ்சு நிறத்தில் பாதி கண்ணாடி மாதிரி தெரிந்தால், அதன் பெயர் டக் சாஸ். நம் மொழியில் வாத்து சாஸ்.

அதில் வாத்து கிடையாது. வாத்துக் கொழுப்பும் கிடையாது. ஆப்ரிகாட், பிளம், பீச் மாதிரி ஏதாவது ஒரு பழக்கூழ், சர்க்கரை, வினிகர், கொஞ்சம் இஞ்சி அல்லது மிளகாய். அவ்வளவுதான். நம்மூர் பஜ்ஜிக்குச் சட்னி மாதிரி, அங்கே எக் ரோலுக்கும் வறுத்த நூடுல்ஸுக்கும் தொட்டுக்கொள்ள இது. அமெரிக்காவில் சீன ஓட்டலில் பார்சல் வாங்கினால் கேட்காமலே பையில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுவிடுவார்கள். அங்கே பல வீட்டு ஃப்ரிட்ஜில் இதற்கென்றே ஒரு மூலை உண்டு என்று கிண்டல் செய்வார்கள். நம் வீடுகளில் பீட்சா கடை ஆரிகனோ பாக்கெட் சேர்வது மாதிரி.

இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது ஏதோ சமையல் குறிப்பு அளவில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். நூல் பிடித்துக்கொண்டே போனால் அது பழவேற்காடு, மெட்ராஸ் துறைமுகம் என்று சுற்றி எங்கள் கும்மிடிப்பூண்டி பைபாஸ் வரைக்கும் வந்து நின்றது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

முதலில் சீனா. தெற்கே குவாங்டாங் பகுதியில் வாத்தையும் பெரிய வாத்தையும் (கூஸ் என்கிறார்களே, அது) முழுசாகத் தொங்கவிட்டுச் சுடுவார்கள். கொழுப்பு அதிகமான கறி. அந்தக் கொழுப்பை வெட்ட ஒரு புளிப்பு வேண்டும். அதற்கு அங்கே இருந்த வழி, உப்பில் ஊறவைத்த 'மெய்' பழத்தை அரைத்துச் சர்க்கரை சேர்த்த குழம்பு. இந்த மெய்யை ஆங்கிலத்தில் பிளம் என்று எழுதினாலும், தாவரவியலில் அது ஆப்ரிகாட்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம். மட்டன் குழம்புக்கு நாம் தயிர்ப் பச்சடி தேடுகிற அதே நியாயம்தான்.

1849-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் இந்தக் குவாங்டாங் ஆட்கள். போன இடத்தில் மெய் மரம் இல்லை. ஆனால் ஆப்ரிகாட்டும் பீச்சும் குவிந்து கிடந்தன. கையில் கிடைத்ததைப் போட்டார்கள். அமெரிக்க நாக்குக்குச் சர்க்கரையை ஏற்றினார்கள். வாத்துக்குத் தொட்டுக்கொள்வது என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு வாத்து போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. நியூ இங்கிலாந்து பக்கம் ஆப்பிள் அதிகம், அதனால் அங்கே ஆப்பிள் கூழில் செய்தார்கள். அதன் நிறமும் பழுப்பு, பதமும் கட்டி.

இதற்குள் ஒரு அரசியல் இருக்கிறது. 1882-ல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரவே கூடாது என்று சட்டம் போட்டது. 1943 வரை அது அமலில் இருந்தது. ஆனால் வியாபாரிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. 1915-ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, ஓட்டல் முதலாளியும் வியாபாரிதான் என்று சொல்லிவிட்டது. பிறகென்ன? ஓட்டல் வைத்தால் ஊரிலிருந்து ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்! சீன ஓட்டல்கள் மளமளவென்று பெருகின. சமைக்கும் ஆசையில் வந்தவர்களை விட, விசாவுக்காகச் சமைக்கக் கற்றுக்கொண்டவர்கள் நிறைய. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்குத் தன்னைப் பிடிக்காது, தன் சாப்பாடாவது பிடிக்க வேண்டும் என்ற நிலைமையில் ஒரு சமையல்காரன் என்ன செய்வான்? இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போடுவான். டக் சாஸின் இனிப்பை நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

இனி நம் பக்கம். தொட்டுக்கொள்ளும் சாஸ் என்றாலே நமக்கு முதலில் ஞாபகம் வருவது கெட்சப். அதுவும் சீனா வழிதான் வந்தது. தென்கிழக்குச் சீனாவின் ஹொக்கியன் பேச்சில் 'கே-சியாப்' என்றால் மீனை உப்பில் ஊறவைத்து இறக்கிய சாறு. கிழக்கே வியாபாரத்துக்குப் போன ஆங்கிலேயர்கள் அதன் ருசியில் மயங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். 1711-ல் சார்லஸ் லாக்கியர் என்ற கம்பெனி வியாபாரி ஒரு புத்தகம் போட்டார். நல்ல சோயா ஜப்பானிலிருந்து வரும், நல்ல கெட்சப் டோங்கினிலிருந்து (இன்றைய வட வியட்நாம்) வரும் என்று அதில் எழுதியிருக்கிறார். அதே புத்தகத்தில்தான் நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையையும் வர்ணித்திருக்கிறார்! கெட்சப்பும் மெட்ராஸும் ஒரே அட்டைக்குள். அப்போது அதில் தக்காளி கிடையாது. தக்காளியைப் போட்டு முதலில் குறிப்பு எழுதியவர் ஜேம்ஸ் மீஸ் என்ற பிலடெல்பியாக்காரர், அது 1812-ல். ஹைன்ஸ் கம்பெனி 1876-ல் அதைப் பாட்டிலில் அடைத்தது. மீன் சாறாகக் கிளம்பியது சர்க்கரைத் தக்காளியாக முடிந்த கதை இது.

சோயா சாஸ் இன்னும் முன்னாலேயே நம் கரைக்கு வந்துவிட்டது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனிக்காரர்கள் ஜப்பானின் நாகசாகியில் பீப்பாய் பீப்பாயாக சோயா வாங்கி ஆசியாவில் தங்கள் பண்டகசாலைகள் இருந்த இடங்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். சோழமண்டலக் கரையும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தக் காலத்தில் சோழமண்டலத்தில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் எது தெரியுமா? எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு. 1613-ல் அங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வாக்கில் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரைக்கும் அங்கிருந்துதான் ஆண்டார்கள். எனவே எங்கள் மாவட்டத்துக்குச் சீன, ஜப்பான் சாஸ் வந்தது ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில் இல்லை, சுமார் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பாய்மரக் கப்பலில் என்பது என் ஊகம். இன்று பழவேற்காட்டுக்கு இறால் சாப்பிடப் போகிறவர்கள் அந்த டச்சுக் கல்லறைகளையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் வாசலில் நின்று வரவேற்கும்.

ஆனால் சாஸ் வந்தது வேறு, சமையல் வந்தது வேறு. சமையல் வந்த ஊர் கல்கத்தா.

1780-ஐ ஒட்டிய வருஷங்களில் டோங் அச்சூ என்ற சீன வியாபாரி வங்காளத்துக்கு வந்தார். வாரன் ஹேஸ்டிங்ஸ் அவருக்கு ஹூக்ளி நதிக்கரையில் 650 பிகா நிலத்தை வருஷம் 45 ரூபாய் குத்தகைக்குக் கொடுத்தார். அச்சூ அங்கே என்ன வைத்தார்? சர்க்கரை ஆலை! கரும்பு பயிரிட்டு, சீனாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து சர்க்கரை காய்ச்சினார். 1783-லேயே இறந்துபோனார். அவர் பெயரில் அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர். சீனப் புத்தாண்டுக்குக் கல்கத்தா சீனர்கள் அங்கே போய்க் கும்பிட்டு வருகிறார்கள்.

இந்தியாவில் குடியேறியதாகப் பெயர் தெரிந்த முதல் சீனர் ஒரு சர்க்கரை வியாபாரி என்பதை நான் ரொம்ப ரசித்தேன். ஏனென்றால் நம் தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் சர்க்கரைக்குப் பெயர் என்ன? சீனி. சீனாவுடையது என்று அர்த்தம். இதில் வேடிக்கை, சர்க்கரை காய்ச்சும் வித்தையைச் சீனாவுக்குக் கற்றுக்கொடுத்ததே இந்தியாதான். 647-ல் தாங் வம்சத்துப் பேரரசர் தைசோங் மகதத்துக்கு ஆள் அனுப்பி இந்த வித்தையைக் கற்றுவரச் சொன்னதைச் சீன வரலாற்று நூல்களே பதிவு செய்திருக்கின்றன. அவர்கள் அதை வெள்ளை வெளேரென்று சுத்தம் செய்யப் பழகித் திருப்பி அனுப்பினார்கள். நாமும் 'சீனி' என்று பெயர் வைத்து வாங்கிக்கொண்டோம். பொருளைக் கொடுத்து, பெயரை வாங்கியிருக்கிறோம். நாகர்கோவில் பக்கம் வாணலிக்குச் சீனச்சட்டி என்று பெயர். டக் சாஸுக்கு வேண்டிய சட்டியும் சர்க்கரையும் எப்போதோ நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாயிற்று, நமக்குத்தான் தெரியவில்லை.

அச்சூவுக்குப் பின் கல்கத்தாவில் சீனர்கள் பெருகினார்கள். தச்சர்கள், செருப்புத் தைப்பவர்கள், பல் டாக்டர்கள், தோல் பதனிடும் ஹக்கா மக்கள். டாங்ரா என்ற பகுதி முழுக்கத் தோல் தொழிற்சாலைகள். நம்ம மெட்ராஸிலும் சீனப் பல் மருத்துவர்களை ஒரு தலைமுறைக்கே தெரியும். மவுண்ட் ரோட்டில் சுங்கிங் மாதிரி சீன ஓட்டல்களும் இருந்தன. எல்லாம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 1962 அக்டோபரில் எல்லையில் சண்டை வந்தது.

இந்த இடத்தைப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் நான் படித்ததாக ஞாபகமே இல்லை. சண்டை ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அசாம், டார்ஜிலிங், ஷில்லாங் பக்கங்களில் தலைமுறையாக வாழ்ந்த சீன வம்சாவளியினரைக் குழந்தை குட்டிகளோடு பிடித்து, ரயிலேற்றி, ராஜஸ்தானின் தேவ்லியில் இருந்த பழைய போர்க்கைதி முகாமில் அடைத்தார்கள். சுமார் 3,000 பேர். அவர்களில் பலருக்குச் சீனமே சரியாகப் பேசவராது. அசாமியும் நேபாளியும் இந்தியும்தான் பேச்சு. சிலர் 1967 வரை உள்ளேயே இருந்தார்கள். திரும்பி வந்தபோது வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்தன.

மெட்ராஸுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. 1963-ல் சீன அரசு கப்பல்களை அனுப்பி, முகாமில் இருந்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சீனாவுக்கு ஏற்றிப் போனது. அந்தக் கப்பல்கள் வந்து நின்ற இடம் மெட்ராஸ் துறைமுகம். தேவ்லியிலிருந்து ரயிலில் கொண்டுவந்தார்கள். வடக்கேயிருந்து கூடூர் வழியாக மெட்ராஸுக்கு வருகிற எந்த ரயிலும் எங்கள் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்கள் வந்த ரயிலும் அநேகமாக அப்படித்தான் போயிருக்கும். பிறந்த நாட்டின் கடைசி வயல்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, பார்த்தே இராத ஒரு 'சொந்த நாட்டு'க்குப் போனவர்கள்.

அமெரிக்காவில் 1882-க்குப் பின் நடந்தது இங்கே 1962-க்குப் பின் வேறு மாதிரி நடந்தது. மிஞ்சியவர்கள் கனடா, ஆஸ்திரேலியா என்று கிளம்பினார்கள். இன்று கல்கத்தாவில் சில ஆயிரம் சீனர்கள்தான் இருக்கிறார்கள். 1996-ல் சுற்றுச்சூழல் வழக்கில் தோல் தொழிற்சாலைகளை ஊருக்கு வெளியே மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பின் டாங்ராவில் தோல் தொட்டிகள் இருந்த கட்டடங்களில் பல ஓட்டல்கள் ஆகின. தோல் தொழில் போனது, தொட்டுக்கொள்ளும் தொழில் நின்றது.

இந்த ஓட்டல்களின் சமையலறைகளில்தான் இந்தியச் சீனச் சமையல் பிறந்தது. அதற்கு வேண்டிய சாஸும் அங்கேயே பிறந்தது. பௌ சோங் என்ற கல்கத்தா சீனக் குடும்பக் கம்பெனி 1950-களின் கடைசியிலிருந்து சாஸ் போடுகிறது. அவர்களின் பச்சை மிளகாய் சாஸ் இல்லாமல் கல்கத்தாவில் காத்தி ரோலே இல்லை என்பார்கள். இனிப்பைக் குறைத்துக் காரத்தை ஏற்று என்பது இந்திய வாடிக்கையாளரின் உத்தரவு. அமெரிக்கரின் உத்தரவுக்கு நேர் எதிர்.

கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் பம்பாய்க்குப் போய், 1975-ல் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமைத்துக்கொண்டிருந்தார். புதுசாக ஏதாவது கொடு என்று கேட்டவர்களுக்கு, இஞ்சி பூண்டு பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றி, சோள மாவில் கெட்டியாக்கி, வறுத்த கோழியைப் போட்டுக் கொடுத்தார். பெயர் சிக்கன் மஞ்சூரியன். மஞ்சூரியாவில் போய்க் கேட்டால் யாருக்கும் தெரியாது. கோழியை எடுத்துவிட்டுக் காலிபிளவரைப் போட்டது எந்தப் புண்ணியவானோ, கல்யாண ரிசப்ஷன் பந்திகள் அவருக்குக் கடன்பட்டிருக்கின்றன. அதே 1970-களில் பெரிய ஓட்டல்கள் சிச்சுவான் சமையலைக் கொண்டுவந்தன. அது 'ஷெஜ்வான்' ஆகி, காய்ந்த மிளகாய், பூண்டு, வினிகர், சர்க்கரை சேர்ந்த சிவப்புக் குழம்பாயிற்று. சிச்சுவானில் நாக்கை மரக்க வைக்கும் ஒரு மிளகு உண்டு. நம் ஷெஜ்வானில் அது பெரும்பாலும் கிடையாது. அதைச் 'சட்னி' என்று பாட்டிலில் அடைத்து விற்றது 1990-களில் தொடங்கிய கேப்பிட்டல் ஃபுட்ஸ் கம்பெனி. சிங்ஸ் சீக்ரெட் என்றால் உங்களுக்குத் தெரியும், ரன்வீர் சிங் ஆடுவாரே அந்த விளம்பரம். ஷெஜ்வான் சட்னி என்ற பெயர் ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமாக முடியுமா என்று தில்லி உயர் நீதிமன்றம் வரை சண்டை போனது. 2024 ஜனவரியில் டாடா கன்ஸ்யூமர் இந்தக் கம்பெனியை 5,100 கோடி ரூபாய் மதிப்புக்கு வாங்குவதாக அறிவித்தது. அச்சூவின் 45 ரூபாய்க் குத்தகையில் ஆரம்பித்தது, பாருங்கள்.

'தமிழனுக்கும் டக் சாஸுக்கும் என்னய்யா சம்பந்தம்' என்று இதுவரை கேட்காமல் பொறுமையாக வந்தவர்களுக்காக இந்தப் பகுதி.

சிங்கப்பூரில் 'இந்தியன் ரோஜாக்' என்று ஒன்று விற்பார்கள். விற்பவர்கள் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். தென்காசி, கடையநல்லூர் பக்கத்திலிருந்து போனவர்களின் வம்சம் அங்கே நிறைய. மாவில் பொரித்த இறால் வடை, டோஃபு, உருளைக்கிழங்கு, முட்டை எல்லாவற்றையும் வெட்டித் தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கெட்டியான, இனிப்பான, சிவந்த குழம்பு கொடுப்பார்கள், தொட்டுக்கொள்ள. அதன் அடிப்படை என்ன தெரியுமா? சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அவித்து மசித்து, மிளகாய், புளி, சர்க்கரை, கடலை. அதே ஆட்கள்தான் சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை வாங்கித் தக்காளி சாஸும் மிளகாயும் போட்டு மீ கோரெங் ஆக்கினார்கள். பழம் கிடைத்த இடத்தில் பழம், கிழங்கு கிடைத்த இடத்தில் கிழங்கு. அமெரிக்காவில் ஆப்ரிகாட்டைக் கையிலெடுத்தவனும் இங்கே வள்ளிக்கிழங்கைக் கையிலெடுத்தவனும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்தது இன்னொரு வழி. சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜார் பக்கம் அத்தோ கடைகள் இருக்கின்றனவே, அந்த 'அத்தோ' பர்மிய மொழியில் கலந்து பிசைவது என்ற அர்த்தமுள்ள சொல்லின் தமிழ் வடிவம். நூடுல்ஸை அடுப்பில் காட்டாமல் கையாலேயே பிசைந்து, புளித்தண்ணீர், வறுத்த வெங்காயம், மிளகாய்த்தூள் போடுவார்கள். சாதாரணச் சென்னைவாசி நூடுல்ஸ் என்ற பொருளை முதலில் தொட்டது ஏசி சீன ஓட்டலில் இல்லை, இந்த வண்டிகளில்தான் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவது வழி எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. 1983-க்குப் பின் கடல் கடந்து வந்தவர்களும் இங்கேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளும் வாழ்கிறார்கள். அகதிகள் முகாம் என்று இருந்த பெயரைத் தமிழக அரசு 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. என் வகுப்புத் தோழன் ஒருவனின் அம்மா அங்கிருந்து விசேஷங்களுக்கு 'ரோல்ஸ்' செய்து அனுப்புவார். மெல்லிய தோசை மாதிரி ஒன்றுக்குள் கிழங்கும் மீனும் வைத்துச் சுருட்டி, ரஸ்க் தூளில் பிரட்டி, எண்ணெயில் பொரிப்பது. இலங்கையில் இதற்குச் 'சைனீஸ் ரோல்ஸ்' என்றே பெயர். அமெரிக்கன் எக் ரோலுக்கு நேர் தம்பி. தொட்டுக்கொள்ளச் சிவப்பாக, இனிப்பாக, லேசான காரமாக ஒன்று கொடுப்பார்கள். அவர்கள் வாயில் அது 'சோஸ்'. "தம்பி, சோஸ் காணுமோ, இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று அந்த அம்மா கேட்பது எனக்கு முதலில் புரியவே இல்லை. காணுமோ என்றால் போதுமா என்று அர்த்தமாம்!

இப்படி யோசித்தால் இனிப்பு, புளிப்பு, காரம் மூன்றும் பழத்தில் சேர்வது நமக்கு ஒன்றும் புதுசும் இல்லை. சித்திரை முதல் நாள் இலையில் விழும் மாங்காய்ப் பச்சடி என்ன? மாங்காய், வெல்லம், மிளகாய், வேப்பம்பூ. குவாங்டாங்காரன் ஒருவனுக்குக் கொடுத்தால் வாத்தைத் தேடுவான்.

சரி, கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சென்னையிலிருந்து எங்கள் ஊர் வழியாகப் போகிற ரோட்டை ஜி.என்.டி. ரோடு என்போம், பெரிய வடக்கு டிரங்க் ரோடு. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. விடாமல் ஓட்டினால் கல்கத்தா. ரயிலும் அப்படியே, ஹௌரா லைன். 1980-களில் சிப்காட் வந்தபோது முதலில் வேலைக்கு வந்தவர்கள் சுற்று வட்டார ஊர்க்காரர்களும் ஆந்திர எல்லை ஆட்களும். பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம் என்று அதே லைனில் ஆட்கள் வந்தார்கள். இரும்பு உருக்கும் ஆலைகளின் சூட்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர்கள். அவர்களோடு சமையல்காரர்களும் வந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பைபாஸ் ஓரமும் சிப்காட் ரோட்டிலும் வண்டிக் கடைகளின் கல்கத்தா வாடை ஆரம்பித்துவிடும். பெயர்ப்பலகையில் தமிழில் 'சைனீஸ் ஃபாஸ்ட் ஃபுட்', உள்ளே வாணலி பிடிப்பவர் டார்ஜிலிங்கோ நேபாளமோ, வாங்கிச் சாப்பிடுபவர் பாதி தமிழர், பாதி ஒடியா. சீனர் மட்டும் கிடையாது.

பார்சல் வாங்கினால் ரைஸோடு சின்னப் பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டு ஒரு சிவப்பு சாஸ் தருவார்கள். இதுதான் எங்கள் ஊர் டக் சாஸ். இதில் என்ன பழம் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். தக்காளி கிலோ நூறு ரூபாய் தாண்டிய நாளில்கூட அந்தக் கவரின் அளவு குறையவே இல்லையே!

வண்டிக்காரரிடமே கேட்டேன். அவருக்குத் தமிழ் அரைகுறை, என் இந்தி அதை விட அரைகுறை. சிரித்துக்கொண்டே அடியிலிருந்து ஐந்து லிட்டர் கேனை எடுத்துக் காட்டினார். முன்பக்கம் தக்காளிப் படமே இல்லை. 'கான்டினென்டல் சாஸ்' என்று மட்டும் இருந்தது. தக்காளி போடாமல் தக்காளி சாஸ் என்று எழுதினால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிடிக்கும், அதனால் கான்டினென்டல், ஸ்நாக் என்று இப்படி ஏதாவது ஒரு பெயர். எந்தக் கண்டம் என்று கேட்காதீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில்: தண்ணீர், சர்க்கரை, பூசணிக் கூழ், மாவு, உப்பு, அசெட்டிக் அமிலம், மிளகாய், நிறம்.

பூசணிக்காய்! எனக்கு இதில் அருவருப்பு ஒன்றும் வரவில்லை. ஆப்பிள் மலிவான ஊரில் ஆப்பிள், பூசணி மலிவான ஊரில் பூசணி. பரம்பரை சரியாகத்தான் போகிறது. பயப்பட வேண்டியது கடைசிச் சொல்லுக்கு. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. பரிசோதித்த மாதிரிகளில் ரோடமைன்-பி போன்ற சாயங்கள் கிடைத்ததுதான் காரணம். ரோடமைன்-பி துணிக்குப் போடுகிற சாயம். பஞ்சு மிட்டாயில் அதே சாயம் பிடிபட்டு, ஒரு மாதம் முன்புதான் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்திருந்தது. கோவாவின் மபுசாவில் நகராட்சியே கோபி மஞ்சூரியன் கடைகளுக்குத் தடை விதித்தது. அனுமதிக்கப்பட்ட நிறங்கள் உண்டு, அளவும் உண்டு. ஆனால் லேபிளே இல்லாமல் லூஸாக வருகிற கேனில் எது இருக்கிறது என்று வண்டிக்காரருக்கும் தெரியாது, ராத்திரி ஷிப்ட் முடித்து முப்பது நாற்பது ரூபாய்க்கு அரை பிளேட் வாங்குகிற ஒடிசாக்காரருக்கும் தெரியாது.

கேனைத் திருப்பி வைக்கும்போது அவர் ஊர் எது என்று கேட்டேன். சிலிகுரி என்றார். சமையல் எங்கே கற்றது? கல்கத்தா, டாங்ரா, ஒரு சீனர் ஓட்டலில் பாத்திரம் கழுவப் போய் அப்படியே வாணலி பிடித்தாராம். அந்த முதலாளி எங்கே இப்போது என்றதற்கு, "கனடா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆர்டருக்கு நூடுல்ஸை உதறப் போய்விட்டார்.